ஒன்பது நாளும் பச்சை

செருப்ப வெளியிலயே விட்டுட்டு வாங்க. இல்லல்ல, போட்டுக்கிட்டே வாங்க, பரவால்ல. சத்தம் போடறதுக்கு வீட்ல ஆள் இல்ல. மோசஸ்தானே? பிராட்பேண்ட் கம்பெனி மெசேஜ்ல பேர் வந்துது. பத்துலேர்ந்து பன்னெண்டுக்குள்ளன்னு போட்டிருந்தான், பத்து இருபதுக்கு வந்து நிக்கறீங்க. எனக்கு இப்படி ஆளுங்களப் பிடிக்கும்.

ரூட்டர் அங்க இருக்கு, டிவி மேசையில, அந்த ஷீல்டுக்குப் பின்னால. ஷீல்ட மட்டும் பாத்து நகத்துங்க. அடிப்பக்கம் மரம், மேல கண்ணாடி. வேணும்னா படிச்சுப் பாருங்க. சிவசைலம்னு போட்டிருக்குல்ல? நான்தான்.

கம்ப்ளெய்ண்ட் என்னன்னா, லைன் இல்ல. ஆமா, மூணு விளக்கும் பச்சையாத்தான் எரியுது. எரியட்டும். பச்சை எரிஞ்சா லைன் இருக்குன்னு வேற யார்கிட்டயாவது சொல்லுங்க மோசஸ், என்கிட்ட சொல்லாதீங்க. முப்பத்தோரு வருஷம் அந்தப் பச்சையப் பாத்துத்தான் சம்பளம் வாங்கினேன்.

என் சம்சாரம் புனேல இருக்கா, மக வீட்ல. ஆகஸ்ட்ல போனா. போய் இறங்கிட்டேன்னு ஒரு மெசேஜ், அதோட சரி. இப்ப டிசம்பர். இந்த ஃப்ளாட்டுக்குள்ள டவர் கெடைக்காது, எல்லாமே வைஃபைலதான் பேசணும். தினம் எட்டு மணிக்கு நான் கூப்பிடறேன். ரிங் போகுது. பதினாலு ரிங். எண்ணியிருக்கேன். எடுக்க ஆளில்ல. அங்கேர்ந்தும் ஒரு கால் வரல. நாலு மாசமா ஒரு பொம்பள புருஷனுக்குப் போன் பண்ணலைன்னா என்ன அர்த்தம்? லைன்ல ஃபால்ட்டுன்னு அர்த்தம்.

நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க. நான் பேசறது தொந்தரவா இருந்தா சொல்லுங்க. டீ போடட்டுமா? பால் இருக்கான்னு பாக்கணும். சரி, அப்புறம் பாக்கலாம்.

மெயின்ஃப்ரேம்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா? உங்க வயசுக்குக் கேள்விப்பட்டிருக்கணுமே, நாப்பத்தஞ்சு இருக்கும்ல உங்களுக்கு? ஒரு ஹால் பூரா ஒரே கம்ப்யூட்டர். பீரோ பீரோவா நிக்கும். உள்ள போனா மார்கழி மாசம் மாதிரி குளிரும், ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தான் உக்காரணும். இன்ஷூரன்ஸ் கம்பெனி. பேர் வேண்டாம், பென்ஷன் வந்துக்கிட்டிருக்கு. இருநூத்திப் பதினாலு கிளை. ஒவ்வொரு கிளையிலயும் இப்ப உங்க கையில இருக்கற மாதிரி ஒரு ரூட்டர், கொஞ்சம் பெரிசு. மெயின்ஃப்ரேம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் ஒவ்வொண்ணாக் கூப்பிடும். இருக்கியா? இருக்கேன். பச்சை. அடுத்தது, இருக்கியா? பதில் வரலைன்னா சிவப்பு. ஒரு பீப். சிவப்பு வந்தா நாங்க லைன் கம்பெனிக்குப் போனப் போட்டு ஆள் அனுப்பச் சொல்லணும். அவ்வளவுதான் வேலை. என் சம்சாரம் ஆவுடை கிண்டல் பண்ணுவா. 'பள்ளிக்கூடத்துல ஆஜர் எடுக்கதுக்கு ஏசி ரூம் போட்டுக் குடுத்திருக்கானாக்கும்?' திருநெல்வேலிக்காரி. வாய்க்குக் குறைச்சல் இல்ல.

ஆனா சாதாரண வேலை இல்ல மோசஸ். எட்டு மணி நேரம் கண்ண எடுக்கக்கூடாது. என் ஷிஃப்ட்ல சிவப்பு வந்தா அஞ்சே நிமிஷத்துல லைன் கம்பெனிக்காரன் காது புண்ணாயிடும். 'ஐயோ, சிவசைலம் சார் லைன்ல வந்துட்டாரு'ன்னு அங்க ஒருத்தன் அலர்றது எனக்கே கேக்கும்.

என்ன, வயர மாத்திட்டீங்களா? மாத்துங்க, மாத்துங்க. எல்லாத்தையும் மாத்துங்க.

அந்த ஷீல்டு எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். கம்பெனிக்கு நாலு மண்டலம், நாலு கண்ட்ரோல் ரூம். மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும் எந்த ரூம்ல சிவப்பு கம்மியோ அதுக்கு ஷீல்டு. பதினோரு வருஷமா புவனேஸ்வரத்துக்காரன்தான் தூக்கிட்டுப் போவான். ரிட்டயர் ஆகற வருஷத்துலயாவது வாங்கணும்னு எனக்கு ஆசை. ஆசைப்படறது தப்பா? பிப்ரவரி பாதி வரைக்கும் நாங்கதான் முன்னால. அப்ப பாத்து இந்த திசையன்விளை ஆரம்பிச்சுது.

திசையன்விளை தெரியுமா? ஆவுடை ஊரு. அந்தக் கிளையில அவ தங்கச்சி செண்பகவல்லிதான் கிளார்க்கு. நான்தான் வேலைக்கு அப்ளிகேஷன் வாங்கி அனுப்பினேன், அத இப்ப யாரும் பேசறதில்ல. கடக்காத்துல வயர் ஜாயிண்ட் துருப்பிடிச்சுப் போச்சு போல. லைன் வரும், போகும், வரும், போகும். ஒரே நாள்ல நாப்பது சிவப்பு. நாப்பது பீப். நானும் லைன் கம்பெனிக்குச் சொன்னேன். ஆள் போய்ப் பாத்தா அந்த நேரம் லைன் நல்லாயிருக்கு, திரும்பி வந்துடறான். புவனேஸ்வரத்துக்காரன் எனக்குப் போன் பண்ணி, 'என்ன சார், உங்க பக்கம் ரொம்ப சத்தமா இருக்காமே'ங்கறான். வயித்தெரிச்சலா இருக்குமா இருக்காதா?

அதுக்கு ஒரு வழி இருந்துது. ஒரு கிளைய இடம் மாத்தறாங்கன்னு வைங்க. ரூட்டரக் கழட்டி நாலு நாள் பெட்டியில வச்சிருப்பாங்க. தெரிஞ்ச விஷயத்துக்கு மெயின்ஃப்ரேம் நாலு நாளும் கத்திக்கிட்டே இருக்கணுமா? அதுக்காக ஒரு லிஸ்ட் உண்டு. அதுல பேரப் போட்டுட்டா, பதில் வந்தாலும் பச்சை, வரலைன்னாலும் பச்சை. பீப் கெடையாது. ரெக்கார்டுலயும் ஏறாது. எங்களுக்குள்ள அதுக்கு வாய்மூடி லிஸ்ட்னு பேரு. பேரப் போட்டா டைரியில எழுதணும், அடுத்த ஷிஃப்டுக்காரன்கிட்ட சொல்லணும், வேலை முடிஞ்சதும் எடுத்துடணும்.

திசையன்விளைய அதுல போட்டேன். பிப்ரவரி இருபது. ரெண்டு நாளைக்குன்னுதான் போட்டேன். டைரியில எழுதலையான்னு கேக்காதீங்க, எழுதினேன். பென்சில்ல எழுதினேன். டைரி இதோ இந்த டிராயர்லதான் இருக்கு. ரிட்டயர் ஆகறப்ப என் பழைய டைரியெல்லாம் எடுத்துட்டுப் போங்கன்னு அவங்களே கட்டிக் குடுத்துட்டாங்க.

போட்டதும் என்ன ஒரு அமைதிங்கறீங்க! இருநூத்திப் பதினாலும் பச்சை. நெல்வயல் மாதிரி. ரெண்டு நாள் ஆச்சு, நாலு நாள் ஆச்சு. எடுக்கணும்னு நெனப்பேன், அதுக்குள்ள காப்பி வந்துடும். மார்ச் வந்துடுச்சு.

மார்ச் மூணாம் தேதி செண்பகம் போன் பண்றா. 'அத்தான், இங்க லைன் இல்ல. பொட்டியத் தொறந்தா ஒண்ணும் வரமாட்டேங்கு.' நான் ஸ்கிரீனப் பாத்தேன். பச்சை. இங்க பச்சையா இருக்கேம்மா, உன் பக்கம் எதாவது வயர் பிடுங்கியிருக்கும் பாருன்னேன். மறுநாளும் பண்றா. 'அத்தான், நேத்தேலருந்து இல்ல.' பச்சையா இருக்கேம்மா. காலைல ஒருதரம், மத்தியானம் ஒருதரம். ஒன்பது நாள். ஒன்பது நாளும் நான் பொறுமையா எடுத்துப் பதில் சொன்னேன் மோசஸ். ஒரு நாள்கூட எரிஞ்சு விழல. ஏழாம் நாளோ எட்டாம் நாளோ அழுதா. அழாதம்மா, பச்சையாத்தான இருக்குன்னு சமாதானம் சொன்னேன்.

லிஸ்ட்ல இருந்தது ஞாபகம் இல்லையான்னா, இல்ல. சத்தியமா இல்ல. கண்ணு முன்னால பச்சை இருக்கறப்ப லிஸ்ட்டு யாருக்கு ஞாபகம் வரும்?

கடைசியில அவளே டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு நடையா நடந்து ஒரு லைன்மேனக் கையோட கூட்டிட்டு வந்து சரி பண்ணிட்டா. கெட்டிக்காரி. அதோட முடிஞ்சிருக்க வேண்டியது.

ஆனா அந்த ஒன்பது நாள்ல உவரிக்கார அம்மா ஒண்ணு, புருஷன் கடலுக்குப் போனவர் செத்துப்போயி, பாலிசிப் பணத்துக்காக வந்திருக்கு. செண்பகம் பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டு, லைன் வரட்டும் லைன் வரட்டும்னு ஏழு தரம் திருப்பி அனுப்பியிருக்கா. அந்தம்மா மேலிடத்துக்கு எழுதிப் போட்டுடுச்சு. வேலை செய்யாம லைன் இல்லன்னு பொய் சொல்றாங்கன்னு. மேலிடத்துலேர்ந்து கண்ட்ரோல் ரூமுக்கு லெட்டர் வந்துது. மார்ச் மூணுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் திசையன்விளைக்கு அலாரம் ஏதாவது பதிவாகியிருக்கான்னு.

பதில் எழுத உக்காந்தப்பதான் லிஸ்ட்டத் தொறந்தேன். முத பேரே திசையன்விளை. வேர்த்துப் போச்சு, அந்தக் குளிர்லயும். எழுந்து போய்த் தண்ணி குடிச்சேன். திரும்பி வந்து பேர எடுத்துட்டேன். எடுக்கணும்தானே? லிஸ்ட்ட சுத்தமா வச்சுக்கணும்னு ரூலே இருக்கு. அப்புறம் லெட்டர இன்னொருதரம் படிச்சேன். அலாரம் பதிவாகியிருக்கான்னுதான் கேட்டிருக்கான். 'அலாரம் எதுவும் பதிவாகவில்லை' அப்படின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதுல ஒரு எழுத்து பொய் இருக்கா சொல்லுங்க? லிஸ்ட்டப் பத்தி யாரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

செண்பகத்த சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. பொய்க்காரின்னு ஊர்ல பேச்சு. மே மாசம் எனக்கு இந்த ஷீல்டு வந்துது.

மோசஸ், அந்த ஸ்டூல் ஆடும், பாத்து ஏறுங்க. அதைச் சரி பண்ணச் சொல்லி ஆவுடை ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டிருந்தா.

வீட்ல வந்து நானேதான் சொன்னேன். யாரும் என்னப் பிடுங்கிக் கேக்கல. ஞாயித்துக்கிழமை காலைல தோசை ஊத்திக்கிட்டிருந்தா. பாத்தியா ஆவுடை, ஒரு வார்த்தை பொய் எழுதாமத் தப்பிச்சேன்னு சொன்னேன். மெச்சிக்குவான்னு நெனச்சேன். கரண்டியக் கீழ வச்சுட்டா. 'அப்பம் லைன் இல்லாததுக்குக் காரணம் ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் எழுதுனீயளா?'ன்னா. தெரியறது வேற, கேக்கறது வேறன்னேன். தோசை கருகிப்போச்சு. அன்னிக்கு யாரும் சாப்பிடல.

ஜூலை மொத வாரம் செண்பகம் வந்தா. நீங்க பை வச்சிருக்கீங்களே, அந்த சோபாலதான் உக்காந்தா. முழு ராத்திரி பஸ்ல வந்தவ, முகங்கூடக் கழுவல. 'ஒரு வரிதான அத்தான் கேக்கேன். ஒன்பது நாளும் லைன் இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.' நான் பொறுமையாச் சொன்னேன். அம்மா, நான் எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல. ஸ்கிரீன்ல என்ன இருக்கோ அதத்தான் எழுத முடியும். ஸ்கிரீன்ல பச்சை. பச்சைய நான் எப்படி சிவப்புன்னு எழுதறது? ரிட்டயர் ஆக இன்னும் ஒரு மாசம் இருக்கு. லிஸ்ட்ல போட்டேன்னு எழுதினா ஷீல்டத் திருப்பிக் கேப்பான், அதோட விடுவானா? அதையும் ஒளிக்காமச் சொன்னேன். அவ காப்பி குடிக்காமக் கெளம்பிட்டா. ஆறிப்போன காப்பிய ஆவுடை வாஷ்பேசின்ல ஊத்தினா, என்னப் பாத்துக்கிட்டே.

என் ரிட்டயர்மெண்ட் ஃபங்ஷனுக்கு ஆவுடை வரல. எல்லாரும் கேட்டாங்க, மேடம் எங்கன்னு. முட்டி வலின்னு சொன்னேன். எவ்வளவு அசிங்கம் பாருங்க. மூணாம் நாள் பெட்டியக் கட்டிட்டா. மகளுக்கு ஒத்தாசைக்குப் போறேன்னு சொன்னா. வாசப்படியில நின்னு, 'அந்த ஒரு வரிய எழுதிட்டுக் கூப்பிடுங்க, எடுக்கேன்'னா. கோவத்துல சொல்றதுதான். அதெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு நாலு மாசம் யாராவது போன எடுக்காம இருப்பாங்களா? முப்பத்திமூணு வருஷம் குடும்பம் நடத்தினவ. அதனாலதான் சொல்றேன், லைன்.

வர்ற பதினெட்டாம் தேதி செண்பகத்துக்குக் கடைசி என்கொயரியாம். மக மெசேஜ் போட்டிருந்தா. அன்னிக்கு ஒரு காகிதமும் இல்லைன்னா டிஸ்மிஸ்தான்னு. அவளுக்கு சர்வீஸ் இருபத்திரெண்டு வருஷம். பாவம்தான். நான் என்ன பண்ண முடியும்? டைரி இருக்கு. இருந்து? பென்சில் எழுத்து யாரு ஒத்துப்பாங்க? ஒத்துக்கக்கூட செய்வாங்க. அது வேற விஷயம்.

என்ன, முடிஞ்சுதா? உங்க போன்ல டெஸ்ட் பண்ணீங்களா? காட்டுங்க. எல்லாம் பச்சை. ம். ஸ்பீடும் நல்லாயிருக்கா? வயர்லயும் ஒண்ணும் இல்லையா?

அப்ப ரிங் போயும் ஏன் எடுக்க மாட்டேங்கறா?

என்ன சொல்றீங்க? நம்பர சைலண்ட்ல போட்டுருப்பாங்களா? என் ஒரு நம்பர மட்டுமா? அப்படிப் போட்டா எனக்கு இங்க ரிங் போகும், அங்க சத்தமே கேக்காது. அவ பாட்டுக்குக் காய் நறுக்கிக்கிட்டிருப்பா. நான் கூப்பிடறேன்னு அந்த நேரம் அவளுக்குத் தெரியவே தெரியாது. போதும் போதும். இதப் போய் எனக்கா விளக்கறீங்க.

சரி, ஒண்ணு பண்ணுங்க. உங்க போன இந்த வைஃபைல போட்டு, அவ நம்பருக்கு ஒரு கால் பண்ணுங்க. டெஸ்டுக்குத்தான். இதோ நம்பர். ஸ்பீக்கர்லாம் வேண்டாம்.

ரிங் போகுதா?

எடுத்துட்டாளா? ரெண்டாவது ரிங்லயேவா?

பேசுங்க, பேசுங்க. பிராட்பேண்ட்காரங்க, சென்னைல சார் வீட்லேர்ந்துன்னு சொல்லுங்க. என்ன கேக்கறா? என்னது, மாத்திரையா? பிரஷர் மாத்திரை போட்டேனான்னா கேக்கறா? போட்டேன்னு சொல்லுங்க. இல்ல, இருங்க. குடுங்க. போனக் குடுங்க மோசஸ், ஒரே நிமிஷம்.

ஆவுடை. நான்தான். வச்சுடாத. போட்டேன், காலைலயே போட்டேன். சாப்ட்டேன். இட்லிதான், கீழ கடையில. இல்ல, ஸ்டூல் இன்னும் சரி பண்ணல. எப்ப வர்ற? வீடு ஒரு மாதிரி இருக்கு ஆவுடை. பேசறதுக்கு ஆளில்ல, கம்ப்ளெய்ண்ட் பண்ணி ஒருத்தர வரவழைச்சுப் பேசிக்கிட்டிருக்கேன்.

ம்.

ஆமா, தெரியும். பதினெட்டு. மக சொன்னா.

எழுதறதுக்கு என்ன, டிராயர்லதான் இருக்கு டைரி. எழுதலாம். நான் இல்லன்னு சொல்லல. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீ ஏன் அழற? அழாத. இல்ல, நான் சொல்றதக் கேளு, அந்த ஒன்பது நாளும் வந்து... எப்படிச் சொல்றது... ரெக்கார்டுல அலாரம் இல்லையே ஆவுடை. பச்சையாத்தான...

ஹலோ.

ஹலோ?

கட் ஆயிடுச்சு.

பாத்தீங்கல்ல மோசஸ்? உங்க கண்ணால பாத்தீங்கல்ல? நல்லாப் பேசிக்கிட்டிருக்கறப்பவே போயிடுச்சு. இதத்தான் நான் காலைலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன். அந்த ஃபாரத்துல எழுதுங்க, லைன்ல ஃபால்ட்டுன்னு. நான் கையெழுத்துப் போடறேன். மகளுக்கு அத போட்டோ எடுத்து அனுப்பணும், அவ அம்மாகிட்ட காட்டுவா.

ஏன்? ஏன் எழுத முடியாது?

உங்க ஸ்கிரீன்ல பச்சையா இருந்தா எழுத முடியாதா?

இருங்க. பைய எடுக்காதீங்க. உக்காருங்க மோசஸ், அந்த சோபாலயே உக்காருங்க. டீ போடறேன், பால் இருக்கு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். ஒரு வரிதானே கேக்கறேன்.